திரும்பாத நட்டு

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் பள்ளி மாணவர்கள் சிலர் போட்டிக்காகச் செய்த ரோபோ, ஒத்திகையில் சுவரில் மோதியது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை; சதுரமாக இருந்த சட்டம் கோணிக்கொண்டது. "அலுமினியம் மெலிசு சார், இரும்பில் செய்திருக்க வேண்டும்" என்றான் ஒருவன். கழற்றிப் பார்த்தேன். ஒரு துண்டுகூட வளைந்திருக்கவில்லை.

இரும்பு அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது. எடையும் ஏறத்தாழ மூன்று மடங்கு. எடைக்கு எடை பார்த்தால் இரண்டும் சமம். அலுமினியத்தில் லாபம் வடிவத்தால் வருகிறது. நான்கு பக்கமும் நீளவாட்டில் பள்ளம் ஓடும் இந்தத் துண்டைப் 'புரொபைல்' என்கிறார்கள். 20க்கு 20 மில்லிமீட்டர் அளவுள்ளது மீட்டருக்கு அரைக் கிலோவை ஒட்டி வரும். அதே உலோகத்தைக் கெட்டிக் கம்பியாக்கினால் 13 மில்லிமீட்டர் சதுரம்தான் தேறும். விறைப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். வளையும்போது ஒரு விளிம்பு இழுபடுகிறது, எதிர்விளிம்பு அமுங்குகிறது, நடுவுக்கு வேலை குறைவு. நம் ஊர் ஓட்டு வீடுகளைத் தாங்கும் பனங்கையும் இப்படித்தான்: வைரம் வெளியே, மென்மை உள்ளே. பழந்தமிழ் இலக்கணம் இதற்குப் 'புறக்காழ்' என்றே பெயர் வைத்திருக்கிறது. 20க்கு 40 துண்டை நிமிர்த்தி வைத்தால் இரு மடங்கு எடைக்குள் ஆறேழு மடங்கு விறைப்பு கிடைக்கும். அதைப் படுக்கப் போட்டுவிட்டு ஆடுகிறது என்று புலம்புபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செய்முறை இடியாப்பம் பிழிவதுதான். சிறிது மக்னீசியமும் சிலிக்கானும் கலந்த அலுமினியக் கட்டியை 450 முதல் 500 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, உருகாத நிலையிலேயே அச்சு வழியாகத் தள்ளுகிறார்கள். ஆனால் புரொபைலின் நடுவில் ஒரு துளை உண்டே, இடியாப்பத்தில் துளை விழுமா? அச்சின் நடுவே ஒரு முளையைச் சிறு பாலங்கள் பிடித்திருக்கின்றன. உலோகம் பாலங்களில் பிரிந்து, முளையைச் சுற்றி மீண்டும் சேர்கிறது. காற்றுப் படாத இடம், கடும் அழுத்தம், சூடு. பிரிந்தவை ஒன்றாகப் பற்றிக்கொள்கின்றன.

இனி சட்டம் கோணிய கதை. பள்ளத்துக்குள் நட்டு, வெளியே இரு துண்டுகளை மூலையில் இணைக்கும் பிராக்கெட், இரண்டையும் இழுத்துக் கட்டும் போல்ட். பள்ளத்தின் நீளத்தில் நட்டைத் தடுக்க எதுவும் இல்லை. அது நகராமல் நிற்பது உராய்வால் மட்டுமே. 5 மில்லிமீட்டர் போல்ட்டை 4 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கினால் அது ஏறத்தாழ 400 கிலோ விசையில் நெரிக்கும். உராய்வு அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும், 80 கிலோ தள்ளினால்தான் மூட்டு நழுவும்.

மாணவர்கள் வாங்கியது நீளவாட்டில் பள்ளத்தில் போட்டு, இறுக்கும்போது கால் சுற்றுத் திரும்பி, பள்ளத்தின் வாயைக் குறுக்கும் உதட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் வகை நட்டு. நான்கில் இரண்டு முழுதாகத் திரும்பவில்லை. மூலை மட்டும் உதட்டில் தொற்றியிருந்தது. கைக்கு இறுகியதுபோலத்தான் இருக்கும். புரொபைலின் முனையிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

துண்டுகளை ஹாக்ஸா பிளேடால் அறுத்ததும் இன்னொரு தவறு. வெட்டு ஒரு பாகை பிசகினால் அரை மீட்டர் தள்ளி ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் விலகிவிடும். அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் கொடுத்தால் இயந்திரத்தில் நேராக வெட்டித் தருவார்கள். பூட்டியபின் கொத்தனார் அஸ்திவாரத்துக்குச் செய்வதைப்போல் இரண்டு குறுக்களவையும் டேப்பில் பிடித்துப் பார்க்க வேண்டும். சமமாக இருந்தால் சதுரம்.

கடற்கரை ஊர்களில் எஃகு போல்ட்டைச் சுற்றி அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். உப்பு ஈரத்தில் இரு உலோகங்கள் தொட்டால் வருவது அது. ஒரே பருவம் ஓடும் ரோபோவுக்கு அது பெரிய கவலை இல்லை. அதிர்வில் போல்ட் தளர்வதுதான் கவலை. ஒரு மாணவி வீட்டிலிருந்து சிவப்பு நகச்சாயம் கொண்டுவந்து, ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பிராக்கெட் வரை ஒரு கோடு இழுத்தாள். அடுத்த ஒத்திகை முடிந்ததும் இரண்டு கோடுகள் உடைந்திருந்தன.