ஏறுவீத வரி: இதில் ‘முற்போக்கு’க்கு என்ன வேலை?

போன வாரம் கும்பகோணத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். கூட்டுறவு வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அவர் மகள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறாள். அங்கே மாநில வருமான வரியை மாற்றியதைப் பற்றி யாரோ தமிழில் பேசிய காணொளியை அவள் அனுப்பியிருக்கிறாள்.

“ஏன்டா, முற்போக்கு வரிங்கறானே, அது கட்சிக்காரங்க போட்ட வரியா?”

“இல்ல சித்தப்பா, வருமானம் ஏற ஏற வரி வீதமும் ஏறும். அவ்வளவுதான்.”

“அதை அப்படியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? நான் பாட்டுக்கு, வரி கட்டப் பிடிக்காதவன் எல்லாம் பிற்போக்கு போலிருக்குன்னு நினைச்சுட்டேன்.”

காணொளியை நானும் பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷத்தில் ‘முற்போக்கு வரி’ பதினொரு முறை வந்தது. இந்தச் சொல்லைச் செய்தியில், கட்டுரையில், மேடையில் கேட்டுக் கேட்டு, பிழை திருத்தியும் திருத்தியும் அலுத்துவிட்டது. ஒரு தடவை எழுதியே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பொருள். எல்லோரும் வருமானத்தில் ஒரே பங்கைக் கட்டினால் அது ஒரு வகை. வருமானம் கூடக் கூட, கட்டும் பங்கும் கூடினால் இன்னொரு வகை. வருமானம் குறைந்தவரே தன் வருமானத்தில் பெரிய பங்கைக் கட்ட நேர்ந்தால் மூன்றாவது வகை. ஆங்கிலத்தில் இரண்டாவதை ‘புரோகிரசிவ்’ என்பார்கள், மூன்றாவதை ‘ரிகிரசிவ்’ என்பார்கள். வேர் லத்தீன். அடி எடுத்து முன்னே வைப்பது ஒன்று, பின்னே வைப்பது மற்றது. வரிக்கு இந்தச் சொல் வந்தது கணக்கிலிருந்து. பள்ளியில் கூட்டுத்தொடர், பெருக்குத்தொடர் என்று படித்தோமே, அந்தத் தொடருக்கும் ஆங்கிலத்தில் இதே வேர்தான். எண் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் போவதைச் சொல்கிறது.

இதற்கு நல்ல சாட்சி பதினெட்டாம் நூற்றாண்டு அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெயின். 1792இல் வெளிவந்த ‘மனிதனின் உரிமைகள்’ இரண்டாம் பாகத்தில் பெருநில வருமானத்துக்கு ஒரு வரி அட்டவணை போட்டுக் காட்டுகிறார். பவுண்டுக்கு மூன்று பென்னியில் தொடங்கி, ஏறி ஏறி, கடைசியில் பவுண்டுக்கு இருபது ஷில்லிங். அந்தக் காலத்துக் கணக்கில் இருபது ஷில்லிங் என்றால் முழு பவுண்டு. உச்சியில் இருக்கும் பகுதி மொத்தமும் வரிக்கே போய்விடும். அந்த ஏறும் அட்டவணைக்குத்தான் அவர் இந்தப் பெயரை வைத்தார். ‘முற்போக்காளர்’ என்று அரசியலில் ஒரு வகையினரைக் குறிக்கும் வழக்கம் நிலைபெற்றது அதற்குப் பிறகுதான். வரிக்கு முன்பே இருந்த பெயரை, பின்னால் வந்த அரசியல் பொருளை வைத்து மொழிபெயர்ப்பது தாத்தாவுக்குப் பேரன் பெயரை வைப்பது போல.

இனி என் வழக்கு. ‘முற்போக்கு’ என்றால் தமிழ்க் காது எதைக் கேட்கிறது? ஐக்கிய முற்போக்குக் கூட்டணி, மதச்சார்பற்ற முற்போக்குக் கூட்டணி, முற்போக்கு எழுத்தாளர், முற்போக்குத் திருமணம். அது ஒரு கொள்கைச் சொல். பாதிப் பேருக்குப் பாராட்டு, மீதிப் பேருக்கு வசவு. யாருக்குமே அது கணக்குச் சொல் அல்ல. ‘முற்போக்கு வரி’ என்று சொன்ன மாத்திரத்தில் கேட்பவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். வீதம் எவ்வளவு, எந்த வருமானத்துக்கு மேல், அந்தப் பணம் எதற்கு என்று கேட்க வேண்டிய வாய், “யார் போட்டது?” என்று கேட்கிறது. சித்தப்பா கேட்டதும் அதைத்தான்.

அதைவிட மோசம் இதன் எதிர்ச்சொல். விற்பனை வரியைப் ‘பிற்போக்கு வரி’ என்று எழுதுகிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லாமலே பல பத்தாண்டுகள் ஓடின. கஜானா பெரிதும் நம்பியிருந்தது விற்பனை வரியை. கிடைத்ததையெல்லாம் செலவழித்தே மாதத்தை ஓட்டுகிறவருக்கு அந்த வரி வருமானத்தில் பெரிய துண்டு. பாதியைச் சேமிக்கிறவருக்குச் சின்னத் துண்டு. இது கூட்டல் கழித்தல் தெரிந்தவர் யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. இதைப் ‘பிற்போக்கு’ என்றால் கணக்கு மறைந்து திட்டு மட்டும் மிஞ்சுகிறது.

“இரண்டும் ஒன்றுதானே, முற்போக்காளர்கள்தானே இந்த வரியைக் கேட்கிறார்கள்?” என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மைதான், இரண்டும் சந்தித்த இடம் உண்டு. விஸ்கான்சின் மாநிலம் 1911இல் வருமான வரிச் சட்டம் கொண்டுவந்தபோது, அதற்குப் பின்னால் இருந்தது அங்கே முன்பு கவர்னராக இருந்த லாஃபாலெட் வளர்த்த முற்போக்கு அணி. வீதமும் ஏறுவீதம்தான். ஆனால் சமையல்காரர் கறுப்பாக இருந்தால் ரசம் கறுப்பாகிவிடுமா? கேட்பவரின் கொள்கை வேறு, வரியின் வடிவம் வேறு.

சரி, சட்டக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. இல்லினாய் மாநிலத்தின் 1970ஆம் ஆண்டு அரசமைப்பு, வருமான வரி வீதம் படிப்படியாக இருக்கக் கூடாது என்கிறது. ‘புரோகிரசிவ்’ என்ற சொல்லே அங்கே இல்லை. ‘கிராஜுவேட்டட்’ என்ற சொல்தான் இருக்கிறது. அளவுகோலில் கோடு கோடாகக் குறித்திருப்பது போல, படி படியாக என்று பொருள். இதை ஒரு மொழிபெயர்ப்பில் ‘பட்டம் பெற்ற வருமான வரி’ என்று பார்த்தேன். பட்டமளிப்பு விழாவில் வரிக்குத் தொப்பி மாட்டிவிட்டார்கள்!

அந்தத் தடையை நீக்க 2020 நவம்பரில் இல்லினாயில் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். எல்லோருக்கும் 4.95 சதவீதம் என்று இருந்ததை, 4.75இல் தொடங்கி 7.99 வரை ஏறும்படி மாற்றுவது திட்டம். ஆதரவாக கவர்னர் பிரிட்ஸ்கர், எதிராக முதலீட்டு நிறுவன அதிபர் கென் கிரிஃபின், இருவருமே சொந்தப் பணத்தில் 5 கோடி டாலருக்கு மேல் இறைத்தார்கள். கேட்டவர்கள் அதற்கு ‘நியாய வரி’ என்று பெயர் வைத்தார்கள். எதிர்த்தவர்கள் ‘வரி உயர்வு’ என்றார்கள். வாக்களித்தவர்களில் சுமார் 53 சதவீதம் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

‘நியாய வரி’ என்பதையே தமிழில் கலைச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வரி நியாயமாகத்தான் படுகிறது. பள்ளிக்கூடமும் பேருந்தும் மருத்துவமனையும் வேண்டுமென்றால், இருப்பவரிடம் கூடுதல் பங்கு கேட்பதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அது என் தீர்ப்பு. தீர்ப்பைப் பெயருக்குள் ஒளித்துவைத்தால் அது சுவரொட்டி. எதிரணிக்காரரும் தயங்காமல் எடுத்துப் புழங்கக்கூடியதாக இருந்தால்தான் அது கலைச்சொல்.

அப்படியானால் எதைச் சொல்வது? நம் பாடப்புத்தகங்களில் ‘வளர்வீத வரி’, ‘தேய்வீத வரி’ என்ற சோடி இருக்கிறது. ‘முற்போக்கு’க்கு இது ஆயிரம் மடங்கு மேல். ஆக்கியவர் மனதில் வளர்பிறையும் தேய்பிறையும் இருந்திருக்க வேண்டும், அவ்வளவு அழகு. என் குறையும் அந்த நிலவில்தான். பிறை நாளுக்கு நாள் வளர்கிறது, நாளுக்கு நாள் தேய்கிறது. ‘வளர்’ என்றாலே தமிழில் காலம் உள்ளே நுழைந்துவிடும். வளர்வீதம் என்றால், இந்த வருஷம் 5, அடுத்த வருஷம் 6, அதற்கடுத்த வருஷம் 7 என்று வரி கூடிக்கொண்டே போகும் போலிருக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது. இதை ஒரு கல்லூரிப் பெண்ணே என்னிடம் கேட்டிருக்கிறாள். வீதம் ஏறுவது ஆண்டோடு அல்ல, வருமானத்தோடு.

ஆகவே என் வாக்கு ‘ஏறுவீத வரி’க்கு. எதிர்ச்சொல் ‘இறங்குவீத வரி’. நடுவில் நிற்பது ‘ஒருவீத வரி’. (அதைத் ‘தட்டை வரி’ என்று எழுதுகிறவர்கள் தட்டைச் சாப்பிட்டுக்கொண்டே மொழிபெயர்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.) ஏறு என்றால் படி கண்ணுக்குத் தெரிகிறது. தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘வீதம்’ என்பதே வடமொழி என்பார், ‘விழுக்காட்டேற்ற வரி’ என்று மாற்றச் சொல்வார். அதைப் பட்ஜெட் அன்று தொலைக்காட்சியில் ஒருவர் மூச்சுவிடாமல் சொல்லிக்காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

பழந்தமிழில் தேடினால் இதற்குச் சொல் அகப்படாது. இறை, திறை, உல்கு, கடமை, ஆயம் என்று வரிக்குப் பெயர் ஏராளம். ஆனால் ‘ஆறில் ஒன்று’ என்ற அரசன் பங்கு ஒருவீதம். பத்துக் கலம் விளைந்தாலும் ஆறில் ஒன்று, ஆயிரம் கலம் விளைந்தாலும் ஆறில் ஒன்று. வரியைப் பற்றி எழுதினால் புறநானூற்று யானையை வயலுக்குள் ஓட்டிவர வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். அந்த யானை வரியைப் பிடுங்கும் முறையைப் பற்றியது, வீதத்தைப் பற்றியது அல்ல. அது பாட்டுக்கு மேயட்டும்.

மாசசூசெட்ஸுக்கு வருகிறேன், சித்தப்பா மகள் வரி கட்டும் ஊர். 1915இல் சேர்த்த அரசமைப்புத் திருத்தம் ஒரே வகை வருமானத்துக்கு ஒரே வீதம் என்று கட்டிப்போட்டுவிட்டது. அதை மாற்ற 1962, 1968, 1972, 1976, 1994 என்று ஐந்து முறை மக்கள் முன் வைத்தார்கள், ஐந்து முறையும் தோற்றது. 2022 நவம்பரில் சுமார் 52 சதவீத வாக்கோடு ஜெயித்தது. ஆண்டு வருமானத்தில் பத்து லட்சம் டாலருக்கு (இந்த வரம்பு விலைவாசியோடு ஆண்டுதோறும் உயரும்) மேற்பட்ட பகுதிக்கு மட்டும், வழக்கமான 5 சதவீதத்தோடு இன்னொரு 4 சதவீதம். வரும் பணம் கல்விக்கும் போக்குவரத்துக்கும். 2023இலிருந்து நடைமுறை. முதல் முழு நிதியாண்டிலேயே 200 கோடி டாலருக்கு மேல் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச உணவு என்பது நிரந்தரமானதும் இந்தப் பணத்தை வைத்துத்தான்.

இதைத் தமிழில் ‘கோடீஸ்வரர் வரி’ என்று போட்டார்கள். பத்து லட்சம் எப்படிக் கோடியாகும் என்று முதலில் கோபம் வந்தது. ரூபாயாக மாற்றிப் பார்த்தால் பல கோடி, சரி போகட்டும். ஆனால் கோடீஸ்வரர் என்பது சொத்து வைத்திருப்பவர். இந்த வரி சொத்துக்கு அல்ல, அந்த வருஷ வருமானத்துக்கு.

இதில்தான் இன்னொரு கூத்து. வருமான அடுக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அடைப்புக்குறியையும் குறிப்பதால், ‘அதிக வரி அடைப்புக்குறிக்குள் வருவோர்’ என்று எழுதுகிறார்கள். நம் ஊர்த் தணிக்கையாளர் அலுவலகத்தில் யாரும் அடைப்புக்குறி என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஸ்லாப்’ என்பார்கள். தமிழில் ‘அடுக்கு’ என்றால் தீர்ந்தது. அடுக்கு என்று சொன்னால் இன்னொரு குழப்பமும் தீரும். பத்து லட்சத்தைத் தாண்டினால் மொத்த வருமானத்துக்கும் 9 சதவீதம் என்று பலர் பயந்தார்கள். அப்படி இல்லை. வரம்பு பத்து லட்சமாகவே இருந்த 2023இல் பதினொரு லட்சம் டாலர் சம்பாதித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள், கழிவுகளை விட்டுவிடுவோம். முழுவதற்கும் 5 சதவீதம், 55,000. மேல் அடுக்கில் இருக்கும் ஒரு லட்சத்துக்கு மட்டும் 4 சதவீதம், 4,000. ஆக 59,000. அவருடைய சராசரி வீதம் 5.4கூட இல்லை. ஐம்பதாயிரம் டாலர்காரருக்கு அதே பழைய 5 சதவீதம், 2,500.

இதையெல்லாம் சித்தப்பாவுக்கு மறுபடி போன் போட்டுச் சொன்னேன், ‘ஏறுவீத வரி’ என்ற பெயரோடு. வங்கிக்காரர், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். உடனே அடுத்த கேள்வி.

“அப்ப இங்க நாங்க கட்டினோமே தொழில் வரி, அது?”

நம் நாட்டில் மாநில அரசுகள் சம்பளத்துக்கு வருமான வரி போட முடியாது. ஒன்றிய அரசின் உரிமை அது. அதற்குப் பக்கத்தில் வருவது தொழில் வரி. அரசமைப்பின் 276ஆம் பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் அரையாண்டுக் கணக்கில் வாங்குகின்றன. அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் உச்ச அடுக்கு, அதற்கு மேல் அடுக்கே இல்லை.

“முதல்ல கொஞ்சம் ஏறும் சித்தப்பா. அப்புறம் நின்னுடும். மாசம் பதிமூணாயிரம் வாங்குற கடைப் பையனுக்கும் மூணு லட்சம் வாங்குற மேனேஜருக்கும் ஒரே தொகை.”

“தொகை ஒண்ணுன்னா, பையனுக்குத்தான் வீதம் கூட. இறங்குவீதம்னு சொல்லு.”

“அதேதான்.”

“சரி, வைக்கிறேன். உன் தங்கச்சிக்கு இதைச் சொல்லணும். அந்த ஊர்ல இப்ப மணி எத்தனைடா?”