புண் ஆறிய பிறகும் ஒரு சோதனை எதற்கு?

கர்ப்பப்பை வாயில், விட்டால் புற்றுநோயாகக் கூடிய, மாறிப்போன செல்களைத் தீய்த்தாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது. அப்புறம் ஏன் ஒரு வருடம் கழித்து வரச் சொல்கிறார்கள் என்று பாம்பனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதல் நான்கு வாரத்தை முதலில் பார்த்துவிடுவோம். நீர் போலவோ லேசாக ரத்தம் கலந்தோ கசியும். இது உடம்புச் சூடு அல்ல. வெந்தயத்துக்கு நிற்காது, புண் ஆறினால் நிற்கும். அதுவரை தாம்பத்திய உறவு வேண்டாம், உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் வேண்டாம். மன்னார் வளைகுடாவில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் கடலில் இறங்கக் கூடாது. கண்மாய்க் குளியலும் கூடாது. வாளித் தண்ணீர் போதும். காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, கடும் அடிவயிற்று வலி, ஒரு மணி நேரத்திலேயே நாப்கின் நனைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி அந்த ஒரு வருடம். செல்களை இப்படி மாற்றுவது எச்.பி.வி. என்ற வைரஸ். அது பதுங்குவது கர்ப்பப்பை வாய்ப் படலத்தின் அடிவரிசைச் செல்களில். அங்கே அது அடக்கி வாசிக்கும். அந்தச் செல் பிரிந்து, மேலேறி, முதிரும்போதுதான் தன்னைப் பெருமளவில் நகலெடுக்கும். மேலடுக்கு உதிர்கையில் அதோடு வெளியேறும். சிகிச்சை அடிவரிசையையே அழித்துவிட்டால், ஓரத்து நல்ல செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடுகின்றன. ஆனால் படலம் சுரப்பிப் பள்ளங்களுக்குள்ளும் சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. அந்த ஆழத்தில் ஒரு கெட்ட செல் தப்பினாலும் அதன் வாரிசுகள் மறுபடி மேலேறும். வெளிப்பார்வைக்கோ எல்லாம் சுத்தமாக இருக்கும்.

அசிட்டிக் அமிலம் தடவி வெள்ளைத் திட்டு தேடும் சோதனை இப்போது சறுக்குவதும் இதனால்தான். ஆறும்போது, பார்க்க வேண்டிய இடம், அதாவது இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும் எல்லைக்கோடு, பலருக்குக் கர்ப்பப்பை வாய்க் குழாயின் உள்ளே போய்விடுகிறது. பிரஷ்ஷில் எடுத்த செல்களில் வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று தேடும் சோதனைக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அவசரப்பட்டுச் செய்தால், உடம்பு இன்னும் விரட்டிக்கொண்டிருக்கும் வைரஸும் மாட்டும். 12 மாதம் கழித்து இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. வைரஸ் இல்லையென்றால் வழக்கமான இடைவெளியில் பரிசோதனை, இருந்தால் கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பது.

தீய்க்காமல், மாறிய பகுதியை மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சீவி எடுத்திருந்தால் திசு ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஓரத்தில் கெட்ட செல் மிச்சமா என்று அதில் இருக்கும். சூட்டால் தீய்த்தவர்களுக்கு ஆய்வகத்துக்கு அனுப்பத் திசுவே மிஞ்சாது, பின்சோதனைதான் ஒரே சாட்சி. தீய்க்கும் கருவிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்தச் சோதனைக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.