அப்பாவின் லைசென்ஸ் எத்தனை வயது வரை செல்லும்?

எத்தனை வயதுக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. குறைந்தபட்ச வயது இருக்கிறது. உச்ச வயது இல்லை. எண்பதிலும் லைசென்ஸைப் புதுப்பிக்கலாம். வயது ஏற ஏற அது செல்லும் காலம் மட்டும் குறையும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு, சொந்த வண்டி ஓட்டுபவர்களுக்குக் கணக்கு இப்படி: 30 வயது ஆகாதவருக்கு 40 வயது வரை செல்லும். 30 ஆகி 50 ஆகாதவருக்குப் பத்து ஆண்டு. 50 ஆகி 55 ஆகாதவருக்கு 60 வயது வரை. 55 ஆகிவிட்டால் ஒவ்வொரு முறையும் ஐந்து ஆண்டுதான். அதாவது 74 வயதில் புதுப்பித்த அப்பா, 79 வரை யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. 74க்கும் 79க்கும் நடுவில் உடம்பு எவ்வளவு மாறும் என்பது வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்குத் தெரியும்.

40 வயதைத் தாண்டியவர் புதுப்பிக்கும்போது டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். அதில் டாக்டரிடம் கேட்கப்படுபவை பெரும்பாலும் கண், காது, கை கால் பற்றியவை. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா, ஹாரன் சத்தம் கேட்காத அளவுக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறதா, கை கால்களில் ஓட்டுவதற்குத் தடையான குறை உண்டா என்பவை. வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் பற்றிய கேள்வி படிவம் 1இல் இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுவது விண்ணப்பிப்பவரேதான்.

இந்தப் படிவத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோயில் முதலில் போவது பக்கப் பார்வை. நேர்ப் பார்வை கடைசி வரை ஓரளவு நிற்கும். அப்படிப்பட்டவர் நம்பர் பிளேட்டைத் தடுமாறாமல் வாசித்துவிடுவார், இடப்பக்கச் சந்திலிருந்து வரும் சைக்கிளைத்தான் பார்க்கமாட்டார். ஞாபக மறதி, பிரேக்கில் கால் போக எடுக்கும் நேரம், கழுத்தைத் திருப்ப முடியாமை, தூக்க மாத்திரையின் மிச்ச மயக்கம், சர்க்கரை திடீரென்று இறங்குவது, இவை எதையும் அந்த ஒரு தாளால் பிடிக்க முடியாது. என் பெரியப்பாவுக்குச் சான்றிதழ் கொடுத்த டாக்டர் தலையை நிமிர்த்தியே பார்க்கவில்லை. எனவே 1ஏ கையில் இருப்பதை "ஓட்டலாம்" என்ற தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் பார்வைப் புலப் பரிசோதனையைக் கண் டாக்டரிடம் தனியாகக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

இடைப்பட்ட ஐந்து ஆண்டுக்குள் நிலைமை மோசமானால் என்ன செய்வது? பிரிவு 16 அதற்குத்தான். நோயாலோ உடல் குறையாலோ ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், லைசென்ஸ் அதிகாரி எப்போது வேண்டுமானாலும் புதிய மருத்துவச் சான்று கேட்கலாம், லைசென்ஸையே ரத்தும் செய்யலாம். ரத்து செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது பிரிவு 17. மருத்துவ ஆவணங்களோடு குடும்பத்தாரே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுப்பதை இந்தப் பிரிவு தடுக்கவில்லை. ஆனால் அது கடைசி வழியாகவே இருக்கட்டும். பெற்ற பிள்ளையே எழுதிக் கொடுத்தான் என்ற வருத்தம் லேசில் ஆறாது.

பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: லைசென்ஸ் காலாவதியான பின் முன்பு 30 நாள் சலுகை இருந்தது, 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். காலாவதியானபின் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கார் மகன் பெயரில் இருந்து, தெரிந்தே சாவியைக் கொடுத்தால், பிரிவு 180இன்படி மகனுக்கும் அதே அளவு தண்டனை உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கவும் அதுவே காரணமாகும். லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தாலும், ஆபத்தான நோய் தனக்கு இருப்பது தெரிந்தே ஓட்டுவது பிரிவு 186இன்படிக் குற்றம். முதல் முறை அபராதம் 1,000 ரூபாய் வரை.

பேச்சை எப்போது எடுப்பது? புதுப்பிக்க விண்ணப்பிக்கும் வாய்ப்பு, காலாவதிக்கு ஓராண்டு முன்பே திறந்துவிடும். அந்த ஆண்டுதான் நல்ல சமயம். "உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா" என்று தொடங்கினால் அன்றைக்கே பேச்சு முடிந்துவிடும். "ரினியூவலுக்கு முன்னாடி கண்ணைக் காட்டிட்டு வந்துடலாம்பா" என்றால் கிளம்பிவிடுவார். அதற்கு முன் ஒருநாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். கேட் தூணில் புதுக் கீறல், பழகின தெருவில் திரும்பத் தவறுவது, பின்னால் எழும் ஹாரன் சத்தம், இவை எந்தச் சான்றிதழையும்விட அதிகம் சொல்லும். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரில் ஒருமுறை கால் போயிருந்தால், ரினியூவல் வரை காத்திருக்க வேண்டாம். சாவியை அன்றே வாங்கிவிடுங்கள்.

ஒரேயடியாக நிறுத்த மனம் வராதவர்கள் முதலில் இரவு ஓட்டத்தையும் நெடுஞ்சாலையையும் விடலாம். இது வீட்டு ஏற்பாடு, சட்டத்தில் இல்லை. மத்திய அரசின் லைசென்ஸ் சேவைகளுக்கான சாரதி இணையதளத்தில், லைசென்ஸில் உள்ள ஒரு வாகன வகையை மட்டும் ஒப்படைக்கும் வசதி உண்டு. கால் ஊன்றி நிற்கத் தடுமாறுகிறவர் லைசென்ஸிலிருந்து டூவீலரை மட்டும் நீக்கிவிடச் சொல்லலாம்.

அப்புறம், வண்டி இல்லாமல் எப்படிப் போவது என்ற கேள்வி வரும். சென்னையில் 60 வயதானவர்களுக்கு மாநகர பஸ்ஸில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன் உண்டு. தமிழ்நாட்டில் பெண்களுக்கு 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை.

புதுப்பிக்காமல் விட்டால் லைசென்ஸ் தானாகவே செல்லாமல் போகும். ஓராண்டு தாண்டிய பிறகு மனம் மாறினால், ஆர்.டி.ஓ. முன்னிலையில் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும்.