சொல் விளக்கம்: ‘ஆஃபென்சிவ் கோச்’ தமிழில் யார்?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள். சீசன் முடிந்து ஓர் அணி தன் ‘ஹெட் கோச்’சை நீக்கிவிட்டால், புதியவர் ‘ஆஃபென்சிவ்’ ஆளா, ‘டிஃபென்சிவ்’ ஆளா என்ற பேச்சு உடனே கிளம்பிவிடும். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கைக்கு முதலில் வருவது ‘தாக்குதல் பயிற்சியாளர்’, ‘தற்காப்புப் பயிற்சியாளர்’. இரண்டுமே பொருளைத் திரித்துவிடுகின்றன.

முதலில் ‘கோச்’. ஹங்கேரியில் கோச் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரைவண்டிக்கு ‘கோச் ஊர் வண்டி’ என்று பெயர். அந்தப் பெயர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பரவியது. பெரம்பூர் ஐசிஎஃப்பில் தயாராகும் ரயில்பெட்டியை நாம் கோச் என்பதும் அந்த வண்டியின் வழியில்தான். 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வில் கரையேற்றும் தனி ஆசிரியரைக் கிண்டலாகக் ‘கோச்’ என்றார்கள்; வண்டி ஆளைச் சுமந்துபோவதுபோல அவர் மாணவனைச் சுமந்துபோகிறாராம். 1860களில் சொல் விளையாட்டுக்குள் வந்தது.

தமிழில் ‘பயிற்சியாளர்’ நாளிதழ்களில் வேரூன்றிவிட்ட சொல், தவறில்லை. ஆனால் ‘பயிற்சி மருத்துவர்’ என்றால் பயிற்சி பெறுகிறவர் என்றல்லவா புரிந்துகொள்கிறோம்? அந்தக் குழப்பம் ‘பயிற்றுநர்’ என்ற சொல்லில் இல்லை. சுழல் – சுழற்று, அகல் – அகற்று போல, பயில் – பயிற்று. பயிலச் செய்பவர் பயிற்றுநர். இயக்குநர், ஓட்டுநர் போல இதிலும் ‘ந’ தான் வரும். ‘பயிற்றுனர்’ என்பது பிழை. ஹெட் கோச், தலைமைப் பயிற்றுநர்.

அடுத்தது அடைமொழி. இரண்டு ஆங்கிலச் சொல்லும் லத்தீனில் ‘மோது’ என்ற ஒரே வேரில் பிறந்தவை: ஒன்று எதிரே போய் மோதுவது, மற்றது மோத வருவதை விலக்குவது. முன்னதற்குத் ‘தாக்குதல்’ பொருந்தும். பின்னதற்குத் ‘தற்காப்பு’ பொருந்தாது. தற்காப்பு என்பது தன்னைக் காத்துக்கொள்வது. இங்கே களத்தில் நிற்கும் 11 பேர் எதிரணியை மறித்து, வீழ்த்தி, பந்தையும் பறிக்கப் பார்க்கிறார்கள். ஆகவே ‘தடுப்பு’.

கபடியில் பாடிப் போகிறவரே அடுத்த நிமிடம் பிடிக்கவும் நிற்கிறார். அமெரிக்கக் கால்பந்தில் அப்படி இல்லை; பந்து கைமாறினால் 11 பேரும் வெளியேறி வேறு 11 பேர் இறங்குகிறார்கள். பயிற்றுநர்களும் ஏதாவது ஒரு பக்கத்திலேயே பல ஆண்டுகள் வேலை பார்த்து மேலே வருகிறவர்கள். ‘ஆஃபென்சிவ் ஹெட் கோச்’ என்பது அவர் வந்த வழியைச் சொல்கிறது, குணத்தைச் சொல்லவில்லை. ரான் ரிவேரா முழுக்க முழுக்கத் தடுப்புப் பக்கத்து ஆள். ஆனால் 2013இல் கரோலினா அணியில், பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியில், வழக்கம்போலப் பந்தை உதைத்து அனுப்பாமல் துணிந்து ஆடவிட்டதற்காக ‘ரிவர்போட் ரான்’ என்று படகுச் சூதாடியின் பட்டப்பெயர் வாங்கினார். அவரைத் ‘தற்காப்புப் பயிற்சியாளர்’ என்று எழுதினால் பயந்து ஆடுகிறவர் என்றுதான் வாசகர் நினைப்பார்.

இன்னொரு குழப்பம்: தலைமைப் பயிற்றுநருக்குக் கீழே இரு பக்கத்துக்கும் தனித்தனி ‘கோஆர்டினேட்டர்’ உண்டு. அவர்கள் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர், தடுப்பு ஒருங்கிணைப்பாளர். வெறுமனே ‘தாக்குதல் பயிற்றுநர்’ என்றால் இவரா, தலைவரா என்று தெரியாது. அதனால் தலைவருக்குத் ‘தாக்குதல் வழிவந்த தலைமைப் பயிற்றுநர்’, ‘தடுப்பு வழிவந்த தலைமைப் பயிற்றுநர்’ என்றே எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.

வந்த வழி ஏன் இவ்வளவு முக்கியம்? போட்டி சின்னச் சின்ன ஆட்டங்களாக (‘பிளே’) நடக்கிறது. அப்படி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் ‘இப்போது இதை ஆடு’ என்று, களத்தில் தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் வானொலியில் சொல்ல வேண்டும். ஹெல்மெட்டின் பின்புறம் பச்சைப் பொட்டு ஒட்டியிருப்பது அதற்கான அடையாளம். கடிகாரம் 40 வினாடியில் இறங்கத் தொடங்கி, 15 வினாடி மிச்சம் இருக்கும்போது வானொலி தானாக அறுந்துவிடும். தேர்ந்தெடுத்துச் சொல்லி முடிக்க 25 வினாடிதான். இந்த ‘ஆட்டம் சொல்லும்’ வேலையைத் தாக்குதல் வழிவந்தவர் பெரும்பாலும் தானே செய்வார். தடுப்பு வழிவந்தவர் அதை ஒருங்கிணைப்பாளரிடம் விடுவார்.

சிக்கல் அங்கேதான். ஒருங்கிணைப்பாளர் நன்றாகச் செய்தால், சீசன் முடிந்ததும் வேறு அணி அவரைத் தலைமைப் பதவிக்குக் கூப்பிடும்; தடுக்க முடியாது. அட்லாண்டாவின் டான் குவின் தடுப்பு வழிவந்தவர். அவரிடம் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்த கைல் ஷனஹான் 2016 சீசனில் அணியை 540 புள்ளி எடுக்கவைத்தார். லீக்கிலேயே அதுதான் அதிகம். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் 28–3 என முன்னிலை பெற்றும் தோற்ற கையோடு, ஷனஹான் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தலைவராகப் போனார். அடுத்த ஆண்டு அதே குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு அட்லாண்டா எடுத்தது 353.

தாக்குதல் வழிவந்து, ஆட்டத்தைத் தானே சொல்லும் ஷான் மெக்வே இதற்கு நேர்மாறு. 2017 ஜனவரியில் ராம்ஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்றுநராக நியமித்தபோது வயது 30. தடுப்புப் பக்கத்தை 69 வயது வேட் பிலிப்ஸிடம் ஒப்படைத்தார். பின்னால் வந்த தடுப்பு ஒருங்கிணைப்பாளர்கள் பிராண்டன் ஸ்டேலியும் ரஹீம் மோரிஸும் வேறு அணிகளுக்குத் தலைவர்களாகப் போனார்கள். ஆனாலும் குவார்ட்டர்பேக் காதில் விழும் குரல் மாறவில்லை. இளம் குவார்ட்டர்பேக் கையில் இருக்கும் அணிகள் தாக்குதல் பக்கம் சாய்வதற்கு இதுவே பெரிய காரணம்.

இதற்கும் விலை உண்டு. ஆட்டம் சொல்பவரே தலைவராகவும் இருந்தால், டைம்அவுட்டை எப்போது கேட்பது, நடுவர் தீர்ப்பை எதிர்த்துச் சிவப்புக் கொடியை வீசுவதா என்பதெல்லாம் அந்த 25 வினாடிக்குள்ளேயே வந்து முட்டும். தடுப்பு வழியில் வந்து தலைமைப் பயிற்றுநராக ஆறு சூப்பர் பௌல் வென்ற பில் பெலிச்சிக்கையும் மறக்கக் கூடாது. வந்த வழியை மட்டும் பார்த்து ஆளை எடுப்பது அரைகுறைத் தேர்வு. நேர்காணலில் கேட்க வேண்டியது: மறுபக்கத்தை யாரிடம் கொடுப்பீர்கள், அவர் ஓராண்டில் போய்விட்டால் அடுத்த ஆள் யார்?

இரண்டு சொல்லிலும் அடங்காதவர்களும் உண்டு. பந்தை உதைக்கும் நேரங்களில் மட்டும் இறங்கும் ‘ஸ்பெஷல் டீம்ஸ்’ மூன்றாவது பிரிவு. ‘சிறப்புப் பிரிவு’ எனலாம். 2008இல் பால்டிமோர் நியமித்த ஜான் ஹார்பா, ஃபிலடெல்ஃபியாவில் நெடுங்காலம் அதன் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். அவரைச் சிறப்புப் பிரிவு வழிவந்த தலைமைப் பயிற்றுநர் என்று எழுத வேண்டும்.