டயல் டயர் பிரஷர் கேஜ்: ‘காற்றழுத்தமானி’ என்று சொல்லலாமா?

பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கும் இடத்தில் யாரும் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) என்று வாயைத் திறப்பதில்லை. “அண்ணே, முன்னாடி இருபத்தஞ்சு, பின்னாடி முப்பது” என்றால் போதும். அங்கே தொங்கும் மீட்டர்மேல் சந்தேகம் வந்தவர்கள்தான் வீட்டுக்கென்று ஒரு டயல் டயர் பிரஷர் கேஜ், அதாவது டயரின் அழுத்தத்தை வட்ட முகப்பில் முள்ளால் காட்டும் கருவி, வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். வாங்கின கையோடு இதற்குத் தமிழில் என்ன என்று தேடினால் முதலில் வந்து நிற்கும் சொல் ‘காற்றழுத்தமானி’.

அது ஏற்கெனவே வேறொரு கருவியின் பெயர். பள்ளிக்கூடத்தில் பாதரசக் குழாயோடு படித்தோமே, அந்த பாரோமீட்டர்தான் காற்றழுத்தமானி. அது அளப்பது நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டலத்தின் முழு அழுத்தத்தை. டயர் கேஜ் அந்த வேலையைச் செய்யவே செய்யாது. பஞ்சராகித் தரையோடு படுத்துவிட்ட டயரில் வைத்துப் பாருங்கள், முள் பூஜ்யத்தில் நிற்கும். உள்ளே காற்றே இல்லை என்று அர்த்தமா? இல்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம், கடல் மட்டத்தில் சுமார் 14.7 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும்தான் கேஜ் சொல்லும். 32 காட்டும் டயருக்குள் உண்மையில் இருப்பது 46.7. ஆக, இரண்டு கருவிக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம் பெயரோடு நிற்காது.

சரி, சொல் சொல்லாகப் பிரிப்போம்.

கேஜ் என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் அது ஓர் அளவுகோல். மதுப் பீப்பாய்க்குள் எவ்வளவு இருக்கிறது என்று கோல் விட்டுப் பார்த்து வரி போட இங்கிலாந்தில் தனி அதிகாரிகளே இருந்தார்கள். அளக்கும் கோலின் பெயர் பிறகு அளவுக்கும் ஆகிவந்தது. அதனால்தான் ரயிலில் மீட்டர் கேஜ், எலக்ட்ரிக்கல் கடையில் 22 கேஜ் கம்பி, டயருக்குப் பிரஷர் கேஜ் என்று ஒரே சொல் எல்லா இடத்துக்கும் வருகிறது. தமிழில் அப்படி ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்ற முடியாது. தண்டவாளத்துக்கு அது பாதையின் அகலம், கம்பிக்குப் பருமன், கருவிக்கு அளவி அல்லது மானி. இதில் ‘மானி’ அளவைக் குறிக்கும் மானம் என்ற வடசொல்லை ஒட்டியது. வெப்பமானி, மழைமானி என்று நன்றாகவே ஊன்றிவிட்டது. ‘அளவி’ அளத்தலிலிருந்து நேராகப் பிறந்தது. எனக்கு இரண்டும் சம்மதம்.

பிரஷரில்தான் சுவை இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அழுத்தம். இலங்கைப் பாடநூலில் அமுக்கம். இங்கே புயலுக்கு முன் காற்றழுத்தத் தாழ்வு வரும், அங்கே தாழமுக்கம் வரும். நம் காதுக்கு அமுக்கம் கொஞ்சம் விநோதமாகப் படும். ஆனால் சைக்கிள் கடையில் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பவர் யாரும் இல்லை. அமுக்கித்தான் பார்க்கிறார்கள். அந்தக் கட்டைவிரல் செய்யும் வேலைக்கு நெருக்கமான சொல்லை இலங்கைத் தமிழர் எடுத்துக்கொண்டார்கள். ‘அழுத்தம்’ இங்கே ரத்தத்துக்கும் மனதுக்கும் சேர்த்து உழைக்கிறது, பாவம்.

டயர் என்ற ஆங்கிலச் சொல்லை, உடையைக் குறிக்கும் ‘அட்டயர்’ என்பதன் தலை உதிர்ந்த வடிவமாகவே பெரும்பாலும் கொள்கிறார்கள். மரச்சக்கரத்துக்கு இரும்பை உடுத்துவதுதான் டயர். நம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கும் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்குவார்களே, அதேதான். 1888இல் ஜான் டன்லப் என்பவர் காப்புரிமை வாங்கிய பிறகுதான் காற்றடைத்த டயர் பரவியது. இரும்பு டயருக்கு அழுத்தம் பார்க்க என்ன இருக்கிறது? சக்கரப்பட்டை என்று சொல்லலாம்தான். ஆனால் பஞ்சர் கடையில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. டயர் டயராகவே இருக்கட்டும்.

டயலின் வேர் பகலைக் குறிக்கும் லத்தீன் சொல். முதலில் அது நிழலை வைத்து நேரம் காட்டும் சூரியக் கடிகாரம். கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் சிவன் கோயில் மதிலில் அரைவட்டமாக ஒன்று இருக்கிறது. சொல்லின் பழைய பொருளில் அதுதான் அசல் டயல். பிறகு கடிகார முகப்புக்கும், முள் ஓடும் எந்த வட்டத்துக்கும் அந்தப் பெயர் பரவியது. தமிழில் ‘முகப்பு’ பொருந்தும். ஆனால் நம்மவர்கள் கவனிப்பது வட்டத்தை அல்ல, முள்ளை. டிஜிட்டல் வாட்ச்சிலிருந்து பிரித்துச் சொல்ல ‘முள் வைத்த வாட்ச்’ என்பதில்லையா? அதே வழியில் ‘முள் வைத்த டயர் அழுத்தமானி’ என்பேன். நீளமாகப் பட்டால் ‘டயர் அழுத்தமானி’ போதும்.

அந்த முள்ளைத் தள்ளுவது 1849இல் பாரிசைச் சேர்ந்த யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைகுழாய். தட்டையான பித்தளைக் குழாய் ஒன்று உள்ளே ‘C’ எழுத்துப்போல வளைந்து கிடக்கும். திருவிழாவில் விற்கும் சுருள் ஊதியை ஊதினால் நிமிர்ந்து நீளுமே, அதுபோலக் காற்று ஏறினால் இதுவும் நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்புகிறது.

இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டால் வாங்குவது சுலபம். இவ்வகைக் கருவி பெரும்பாலும் அளவின் நடுப்பகுதியில்தான் துல்லியமாகக் காட்டும். காருக்கு 30, 35 தேவை என்றால் 60 வரை உள்ளதை வாங்குங்கள். 160 வரை காட்டுவது கெத்தாக இருக்கும், 30 அதன் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரத்துக்குள் கை நுழையாது, வெளியே வளையும் ரப்பர் குழாய் நீட்டியிருக்கும் கேஜே வசதி. காற்றைக் கொஞ்சம் இறக்க ஒரு பொத்தான் இருந்தால் நல்லது. முகப்பில் இரண்டு வட்டமாக எண்கள் இருந்தால் எது எது என்று பாருங்கள்: பார் என்பது அழுத்தத்துக்கு இன்னொரு அலகு, 32 பி.எஸ்.ஐ.யும் 2.2 பாரும் ஒன்றுதான்.

பார்க்கும் நேரம் காலை, வண்டியை எடுப்பதற்கு முன். ஓடிச் சூடான டயர் மூன்று நான்கு கூடுதலாகக் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் குறைவாக நிற்கும். எவ்வளவு வைப்பது என்பதற்கு டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், அது தாங்கும் உச்சம். காரில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும்.

என் கேஜ் போன மாதம் சிமெண்ட் தரையில் விழுந்தது. அதிலிருந்து மேசைமேல் சும்மா கிடக்கும்போதே முள் 3 காட்டுகிறது. மூன்றைக் கழித்துக்கொண்டு பார்த்தால் ஆச்சு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். விழுந்ததில் நகர்ந்தது முள் மட்டும் என்றால் சரி. உள்ளே குழாயே வளைந்திருந்தால் 30க்குப் பக்கத்தில் பிசகு மூன்றாகத்தான் இருக்கும் என்று எப்படி நம்புவது? அப்புறம் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன், இந்த முறை ரப்பர் உறை போட்டது.