ஸ்குவாட் லாப்ஸ்டர்: சிங்கியும் இல்ல, குந்தவும் இல்ல

ஸ்குவாட் லாப்ஸ்டர்னு நண்டு மாதிரி கொடுக்கு வச்ச ஒரு கடல் பிராணி இருக்கு. அந்தப் பேர அப்படியே தமிழ்ல தூக்கிப் போட்டா 'குந்தின சிங்கி இறால்'னு வரும், அதுல ரெண்டு பாதியுமே தப்பு. ஸ்குவாட்னா குந்தி உக்கார்றதுன்னு ஒரு அர்த்தம் இருக்கு, ஆனா இந்தப் பேர்ல அது குட்டையா கட்டையா இருக்கற உடம்பத்தான் சொல்லுது.

லாப்ஸ்டர் கதை இன்னும் வேடிக்கை. லத்தீன்ல லொகுஸ்டான்னா வெட்டுக்கிளிக்கும் அதான் பேரு, சிங்கி இறாலுக்கும் அதான் பேரு, அந்தச் சொல்லுதான் பழைய ஆங்கிலத்துக்குப் போய் திரிஞ்சு லாப்ஸ்டர் ஆச்சு. ஸ்பானிஷ்ல லங்கோஸ்டான்னு இன்னைக்கும் ரெண்டையும் சொல்றாங்க. அதுலருந்து வந்த சின்னப் பேர்தான் லங்கோஸ்டினோ, சிலி பக்கம் பிடிக்கற ஸ்குவாட் லாப்ஸ்டரோட வால் கறி அமெரிக்காவுல இந்தப் பேர்லதான் விக்குது, ஸ்பெயின்ல போய் அதையே கேட்டா தட்டுல இறால் வரும்!

சரி, ஆளு யாரு? அனோமுரான்னு ஒரு பிரிவு, கிரேக்கத்துல 'வழக்கத்துக்கு மாறான வால்'னு அர்த்தம், சங்குக்குள்ள குடியிருக்கற துறவி நண்டும் பீங்கான் நண்டும் அதே பிரிவுதான். சிங்கி இறால் தூரத்துச் சொந்தம். அதுலயும் நாம சிங்கின்னு சொல்றதுல பெரும்பாலானதுக்குப் பெரிய கொடுக்கே கிடையாது, நீளமான மீசைதான், ஆனா ஸ்குவாட் லாப்ஸ்டருக்குப் பல இனங்கள்ல கொடுக்கு உடம்ப விட நீளமா இருக்கும்.

பாறை இடுக்குல ஒண்ணப் பாத்தா கால எண்ணுங்க. கொடுக்கு ஜோடிய விட்டுட்டு மூணு ஜோடி நடைக்கால்தான் கண்ணுல படும். அஞ்சாவது ஜோடி இருக்கு, ஆனா ரொம்பச் சின்னது, செவுளச் சுத்தம் பண்றதுக்குன்னு ஓட்டுக்கடியில ஒளிச்சு வச்சிருக்கும். சாதாரண நண்டுக்குப் பொதுவா நாலு ஜோடி நடைக்கால் தெரியும். பீங்கான் நண்டுக்கும் மூணுதான் தெரியும்ங்கறதால அதோட குழம்பறது சகஜம், அப்போ வாலப் பாருங்க. பீங்கான் நண்டோட வால் மெலிசா வயித்தோட ஒட்டிக் கிடக்கும், இதுக்கு வால் நல்லா கனமா இருக்கும், அடியில மடிச்சு வச்சிருக்கும், பயந்துட்டா அதை விரிச்சு அடிச்சு பின்னாடியே பாயும். இடுக்குக்குள்ள வால் முதல்ல நுழையும், கொடுக்கு வாசல்ல நிக்கும். கலாத்தியா ஸ்ட்ரிகோசான்னு வடகிழக்கு அட்லாண்டிக்ல இருக்கறது சிவப்பு உடம்புல நீலக் கோடு போட்டு வரும், அத மட்டும் யாரும் தவற விடமாட்டாங்க. கலாத்தியா கிரேக்கக் கதையில வர்ற கடல்தேவதை பேரு, இந்த முரட்டுக் கொடுக்குக்கு அது கொஞ்சம் ஓவர்தான்.

தமிழ்ல என்ன சொல்லலாம்னா 'குட்டைச் சிங்கி' வாய்க்கு வசதி, ஆனா சொந்தத்த மாத்திச் சொல்லுது. என் ஓட்டு 'மடிவால் நண்டு'க்கு. இது அசல் நண்டு இல்லன்னு கேக்கலாம், துறவி நண்டும்தான் அசல் இல்ல, அத நண்டுன்னுதான கூப்பிடறோம். 2005ல ஈஸ்டர் தீவுக்குத் தெக்க, சுமார் 2,200 மீட்டர் ஆழத்துல, கொடுக்கு பூரா முடியோட ஒண்ணு கிடைச்சுது, அதுவும் இதே கூட்டம்தான், அதுக்கு ஆங்கிலத்துலயே, இமயமலைக் கதையில வர்ற முடி மூடின பனிமனுஷன் பேர்ல, யெட்டி நண்டுன்னுதான் பேர் வச்சாங்க.