ஜோயிக்கு வந்த நோய்: உங்கள் குதிரைக்கு ஊசி போட்டாச்சா?

குதிரை வளர்ப்பவர்களிடம் நான் ஒரு சிறுவர் நாவலைப் படிக்கச் சொல்வதுண்டு. மைக்கேல் மோர்பர்கோ 1982-இல் எழுதிய ‘வார் ஹார்ஸ்’. முதல் உலகப் போருக்காக ராணுவம் வாங்கிப்போன ஜோயி என்ற குதிரை, தன் கதையைத் தானே சொல்கிறது. படம் போட்ட பதிப்பு கிடைத்தால் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கலாம். இரு படைகளுக்கு நடுவே ஜோயி முள்கம்பியில் சிக்கும் இடத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். கால்நடை மருத்துவனான எனக்கு அதற்குப் பிறகு வரும் பகுதிதான் முக்கியம். குண்டுக்குத் தப்பிய குதிரை, காயத்தால் வந்த டெட்டனஸில், அதாவது உடம்பு விறைத்து இழுக்கும் நோயில், விழுந்துவிடுகிறது. இருட்டான, சத்தமில்லாத லாயத்தில் தொட்டில் கட்டித் தாங்கி, கஞ்சி புகட்டி அதைத் தேற்றுகிறார்கள். கதைக்காகச் சேர்த்ததல்ல, இன்றும் இந்த நோய்க்குப் பராமரிப்பு ஏறக்குறைய அதுதான்.

நம் ராமநாதபுரம் கடலோரத்தில் இந்த நோய் வர முள்கம்பி எதற்கு? சீமைக்கருவேல முள் போதாதா! குளம்பின் அடியில் ஏறி ஒடிந்துவிடும். மேலே துளை மூடிக்கொள்ளும். டெட்டனஸ் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருப்பது. காற்றுப் புகாத ஆழமான காயம்தான் அதற்குத் தோது. “சின்ன முள்ளுதான் சார், வண்டி மையைத் தடவிட்டேன்” என்பார்கள். மையும் சாணியும் தடவினால் காயத்தை அடைத்துக் கிருமிக்கு வீடு கட்டிக் கொடுக்கிறோம்.

காயம் பட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட நோய் தலைகாட்டும். அதற்குள் முள் குத்தியதே மறந்துபோயிருக்கும். காது விறைத்து நிற்கும், வால் சற்றுத் தூக்கியிருக்கும், கொள்ளை மெல்ல முடியாமல் எச்சில் ஒழுகும். முகத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள்: கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு சவ்வு சட்டென்று ஏறிவந்தால் அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாளி விழுந்த சத்தத்துக்கே உடம்பு வெட்டி இழுக்கும். நரம்பில் ஏறிவிட்ட விஷத்தை எந்த மருந்தாலும் இறக்க முடியாது; புதிதாக ஏறாமல் தடுக்கத்தான் முடியும். ஜோயி பிழைத்தது, நிஜத்தில் நிறைய குதிரைகள் பிழைப்பதில்லை.

பாண்டியர்கள் கப்பல் கப்பலாக இறக்கிய குதிரைகள், பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளில்லாமல் மடிந்தன என்று 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தார். கேட்கக் கசப்புதான். அவர் காலத்தில் தடுப்பூசி கிடையாது, நமக்கு இருக்கிறது.

முதல் ஊசி போட்டு 4 முதல் 6 வாரத்தில் இரண்டாவது, பிறகு வருஷத்துக்கு ஒன்று. பந்தயக் குதிரையோ சவாரி மட்டக்குதிரையோ, எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. காயடிக்கும் முன்பும், லாடம் அடிக்கையில் ஆணி சதையில் இறங்கினாலும் ஊசிக் கணக்கைச் சரிபாருங்கள். முள் குத்தினால் சுத்தமான தண்ணீரில் கழுவி, மூடாமல் கூட்டி வாருங்கள். உள்ளே ஒடிந்த நுனியை நாங்கள் எடுக்கிறோம். முள்ளைப் பிடுங்குகையில் உங்கள் கையிலும் குத்தியதா? வரும் வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்களும் டெட்டனஸுக்கான டிடி ஊசி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.